மைக்கக்கா தூங்கிய நாற்பது நாள்

காலை எட்டே முக்காலுக்கு அந்தப் பேருந்து நிலையத்தைப் பார்க்க வேண்டும். பதினான்கு மேடைகள். மேடைக்கு ஒரு வரிசை என்பதெல்லாம் பெயருக்குத்தான். வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பையோடு பை இடித்து, யார் எந்த வண்டிக்கு நிற்கிறார்கள் என்று அவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். அத்தனை தலைகளையும் ஒரு சொல்லில் இடப்பக்கமும் அடுத்த சொல்லில் வலப்பக்கமும் திருப்ப ஒரே ஒருவரால் முடிந்தது. மாடியில் கண்ணாடி அறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு குடுவை வெந்நீர். அங்கே நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவர். பதினோரு வருடங்களாக முதல் ஷிஃப்ட் அவருடையது: விடியற்காலை நாலரை முதல் பகல் பன்னிரண்டரை வரை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் மைக்கக்கா. அதுவே நிலைத்துவிட்டது.

அறிவிப்பு வேலை கேட்பதற்கு எளிது, பார்ப்பதற்குக் கறாரானது. பக்கத்து அறையில் இருக்கும் நேரக் காப்பாளர் சுவரில் உள்ள துளை வழியாக ஒரு சீட்டைத் தள்ளுவார். அதில் வண்டி எண், மேடை எண், நேரம் மட்டும் இருக்கும். படித்து முடித்த சீட்டை மேஜை மேல் நிற்கும் கூர்க்கம்பியில் குத்திவிட வேண்டும். மேடை மாற்றம் என்றால் சிவப்பு மையில் வரும். அதை மூன்று முறை படிக்க வேண்டும். முதல் முறை சொல்லும்போது ஜனம் பேச்சை நிறுத்தும். இரண்டாம் முறை காது கொடுக்கும். மூன்றாம் முறை சொன்ன எண்ணை நோக்கி ஓடும்.

ஒருநாள் அந்த எட்டே முக்கால் நெரிசலில் துறைமுகம் போகும் நாற்பத்தேழாம் எண் வண்டி நான்காம் மேடைக்கு மாறியது. மைக்கக்கா முதல் முறை நான்கு என்றார். இரண்டாம் முறையும் நான்கு என்றார். மூன்றாம் முறை பன்னிரண்டு என்றார்.

முந்நூறு பேரில் பாதிப் பேர் நான்கில் நின்றார்கள். மீதிப் பேர் பன்னிரண்டை நோக்கிக் கிளம்பினார்கள். பிறகு நின்றவர்களுக்கு ஓடியவர்கள் மேல் சந்தேகம் வந்து அவர்களும் ஓட, ஓடியவர்களுக்கு நின்றவர்கள் மேல் நம்பிக்கை வந்து திரும்ப, எட்டாம் மேடைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டன. ஒரு பள்ளி ஆசிரியை கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வண்டி பாதிக் காலியாகக் கிளம்பிப் போனது.

கண்காணிப்பாளர் அறையில் மைக்கக்கா சத்தியம் பண்ணாத குறைதான். மூன்று முறையும் நான்கு என்றுதான் சொன்னேன், வேண்டுமானால் ஒலிபெருக்கியைப் பாருங்கள், ஒயரைப் பாருங்கள் என்றார். கண்காணிப்பாளர் அன்றைய அறிவிப்பின் பதிவைப் போட்டார். நான்கு. நான்கு. அப்புறம் சத்தம் இல்லை. நான்கு நொடிகள். அந்த நான்கு நொடிக்குள் ஒரு நீண்ட மூச்சும், மூக்கிலிருந்து லேசான ஒரு விசிலும் கேட்டன. அதன் பிறகு பளிச்சென்று, பன்னிரண்டாம் மேடை.

"இது யாருங்க?" என்றார் மைக்கக்கா.

"நீங்கதாம்மா."

அவர் தூங்கி எழுந்திருக்கிறார். எழுந்த கை, கம்பியில் குத்தியிருந்த முந்தைய சீட்டைப் பிடுங்கிப் படித்திருக்கிறது. தூங்கியது அவருக்கே தெரியவில்லை. அதுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கண்காணிப்பாளர் கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னதை மாற்றாதவர். நாற்பது நாள் மைக் பக்கமே வரக் கூடாது என்றார். ஆஸ்பத்திரியில் தூக்கத்துக்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார், அவருடைய கையெழுத்து வேண்டும். அதன் பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்பார். இரண்டில் ஒன்று தவறினாலும், மாடிப்படிக்குக் கீழே அட்டைப் பெட்டிக்குள் காத்திருக்கும் பதிவுக் குரல் மெஷின் மேலே ஏறிவிடும். மைக்கக்கா பயணச்சீட்டு எண்ணும் பிரிவுக்குப் போய்விட வேண்டியதுதான், நிரந்தரமாக.

அதுவரை முதல் ஷிஃப்ட் யாருக்கு? இரண்டாம் ஷிஃப்ட் அறிவிப்பாளருக்கு. அவர் பெயர் ரேடியோ. மைக் இல்லாவிட்டாலும் பேசிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். கல்யாணம் ஆகாதவர், கோழிக்கு முன்னால் எழுந்து நடக்கப் போகிறவர். ஒன்பது வருடமாக முதல் ஷிஃப்ட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர். மைக்கக்கா பிடியே கொடுத்ததில்லை. ஊர் கண் விழித்துக் கேட்கும் முதல் குரல் தன்னுடையது என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான். கணவர் வெல்டர், பட்டறையில் மதியம் தொடங்கி இரவு பத்து மணி வரை வேலை. பத்தரைக்கு வீட்டுக்கு வருவார். அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசாவிட்டால், கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்ள வேறு நேரமே கிடையாது. படுக்கப் பதினொன்றே கால். எழ மூன்றரை. நாலேகால் மணி நேரம். இப்படிப் பதினோரு வருடம். கேட்டால், எனக்கு அவ்வளவு போதும், என் உடம்பு அப்படி என்பார். நம்பியும் இருந்தார்.

டாக்டர் குட்டையான பெண்மணி. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. அவர் எதுவும் கேட்பதற்கு முன் ஒரு சின்னப் பெட்டியைக் கையில் கொடுத்தார். பெட்டியில் எப்போதாவது ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடம். மைக்கக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இதைவிடக் கடினமான வேலையைத் தினமும் எட்டு மணி நேரம் செய்கிறவர் அவர். ஒன்றைக்கூட விடாமல் அழுத்திவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எவ்வளவு விட்டிருப்பீங்கன்னு நினைக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"பதினெட்டு."

மைக்கக்கா முகத்தில் ஈயாடவில்லை. பெட்டி கெட்டிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். கண்காணிப்பாளர் அறையில் ஒயரைப் பார்க்கச் சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். நீண்ட நாள் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு முதலில் தொலைவது, தனக்குத் தூக்கம் வருகிறது என்ற உணர்வுதான் என்று டாக்டர் விளக்கினார். குடித்தவன் தெளிவாக இருக்கிறேன் என்று சொல்வது மாதிரி.

மாத்திரை தருவார் என்று எதிர்பார்த்திருந்தார். டாக்டர் தலையாட்டி மறுத்தார்.

"மாத்திரை தூக்கம் வராதவங்களுக்கு. உங்களுக்குத் தூக்கம் வாசல்ல வரிசை கட்டி நிக்குது. நீங்கதான் கதவைத் திறக்கல."

அப்படியானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கிச் சரிபண்ணிவிடலாமா என்று கேட்டார். பதினோரு வருஷத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையிலா என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும். காலை ஆறுக்கு எழ வேண்டும், ஞாயிறு உட்பட. மதியத்துக்கு மேல் காப்பி கிடையாது. எழுந்ததும் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடை. தினமும் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பத்து நாள் கழித்து வாருங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

நாற்பது நாளைக்கு அவரைப் போட்டிருந்த இடம், தவறவிட்ட பொருட்கள் அறை. ஒன்பது முதல் ஐந்து வரை. அந்த அறையின் எழுத்தர் ஐம்பத்தெட்டு வயதுக்காரர், இருநூற்றுப் பன்னிரண்டு குடைகளுக்குக் காவலர், அதனால் குடைக்காரர். மைக்கக்காவை வரவேற்று, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உட்காரும்மா தங்கச்சி. இங்க எதுவும் அவசரமா வராது. அவசரமாப் போறப்ப விட்டுட்டுப் போனதுதான் இங்க வரும்."

முதல் வாரம் தேறுவதற்குப் பதிலாக மோசமானார். உடம்புக்கு ருசி தெரிந்துவிட்டது. ஏழு மணி நேரம் தூங்கினால் எட்டாவது மணியைக் கேட்டது. தலை ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. தண்ணீர்ப் பாட்டிலின் மூடி திறக்கவில்லை என்று ஒருநாள் கண்ணீர் விட்டார். நான்காம் நாள் பகல், பெஞ்சில் குடைகளுக்கு நடுவே சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். ஒரு பயணி பை தேடி வந்து, பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்துத் தயங்கியிருக்கிறார். குடைக்காரர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவங்களும் தொலைஞ்சு கிடைச்சவங்கதான். இன்னும் யாரும் வந்து கேக்கல" என்றாராம். பயணி பையை வாங்காமலே வெளியே போய்ச் சிரித்துவிட்டு மறுபடி வந்தார்.

அந்த அறைக்குள்ளும் ஒலிபெருக்கி உண்டு. அதில் ரேடியோவின் குரல். நாற்பத்தேழு என்பதை அவர் நாப்ப்பத்தேழு என்று இழுப்பதை மைக்கக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் பின்னால் வாய்க்குள் திருத்திச் சொன்னார். குடைக்காரருக்கு இதனால் எல்லா அறிவிப்பும் இரண்டு முறை கிடைத்தது.

வீட்டில் இரண்டு மகள்கள். மூத்தவளுக்குப் பதினாறு, இளையவளுக்குப் பதிமூன்று. ஒன்பது மணியானால் மூத்தவள் கரண்டியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, படுக்கை அறை செல்லும் கடைசி வண்டி இன்னும் முப்பது நிமிடத்தில் புறப்படும் என்பாள். இளையவள் ஒலிபெருக்கி கரகரப்பதுபோல் பின்னணி கொடுப்பாள். சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மைக்கக்கா, சற்று நேரத்தில் வருகிறேன் என்பார்.

இந்தச் சற்று நேரத்தில் என்பது நிலையத்துச் சொல். ஐந்து நிமிடம் தாமதமான வண்டிக்கும் அதுதான், ஐம்பது நிமிடம் தாமதமான வண்டிக்கும் அதுதான். பொய் என்று யாரும் பிடிக்க முடியாது. அந்தச் சொல் அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது.

பத்தாம் நாள் டாக்டர் தூக்கக் குறிப்பை வாங்கிப் பார்த்தார். ஒன்பதரை. ஒன்பதரை. ஒன்பதரை. பத்து நாளும் ஒன்பதரை. ஒரே மை, ஒரே அழகான கையெழுத்து. மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தார்.

"இது தூக்கக் குறிப்பு இல்லம்மா. கால அட்டவணை. வண்டி எப்பக் கிளம்பணும்னு எழுதியிருக்கீங்க. எப்பக் கிளம்பிச்சுன்னு எழுதுங்க."

மைக்கக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. பதினோரு வருடமாக அவர் வாயால் சொல்லி வந்தது கால அட்டவணையைத்தான். வண்டி எப்போது கிளம்பியது என்று எழுதுவது வேறொருவருடைய வேலை. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தது உண்மை. ஆனால் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, பத்தரைக்கு வாசலில் கணவருடைய வண்டிச் சத்தம் கேட்கும்வரை காது திறந்தேதான் இருந்தது. சில நாள் எழுந்துபோய்த் தட்டும் வைத்தார். டாக்டர் திட்டவில்லை. புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். பதினோராம் நாள் குறிப்பில் முதல் முறையாக உண்மை ஏறியது: பதினொன்று ஐந்து. பன்னிரண்டாம் நாள், பத்து ஐம்பது.

பதிமூன்றாம் நாள் காலை அந்தத் தாளைக் கணவர் பார்த்துவிட்டார். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

"இந்தப் பதினொன்னு அஞ்சு எனக்காகவா?"

"உங்களுக்குத் தனியா சாப்பிட்டா இறங்காதே."

அவர் போய் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வந்து பேசினார். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ எதிர்ல உட்கார்ந்து தட்டைத் தள்ளுவ. அப்புறம் கண்ணு திறந்தபடியே தூங்கிடுவ. போன வருஷம் எனக்குக் கையில தீப்பொறி பட்டதைச் சொன்னேன். சிரிச்ச. பதினோரு வருஷமா நான் தூங்கற ஆளோடதான் பேசிக்கிட்டிருக்கேன்."

மைக்கக்கா அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே நாணயம் அளவுக்குத் தழும்பு இருந்தது. அன்றுதான் பார்த்தார்.

அன்றைக்கே வீட்டில் தீர்மானமாயிற்று. இரவுத் தட்டு மூடி வைக்கப்படும். அதற்குப் பதிலாக அவர் காலை ஆறு மணிக்கு எழுந்து மனைவியோடு நடப்பார். பேச வேண்டியதையெல்லாம் நடையில் பேசிக்கொள்வது. முதல் நாள் நடையில் அவர் மூன்று முறை கொட்டாவி விட்டார், ஒரு விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டார். உனக்குத் தூக்கம் வந்துவிட்டது, எனக்குப் போய்விட்டது என்று புலம்பினார். ஆனாலும் மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் அவர்தான் முதலில் நின்றார்.

பதினேழாம் நாள் காலை அது நடந்தது. அலாரம் அடிப்பதற்கு ஆறு நிமிடம் முன்னால் மைக்கக்காவுக்குத் தானாக விழிப்பு வந்தது. வந்ததோடு ஒரு கனவும் வந்திருந்தது. அவர் கனவு கண்டு எத்தனை வருடம் ஆயிற்றோ. கனவில் பதினான்கு மேடைகளிலும் குடைகள் வரிசையில் நின்று வண்டி ஏறின; சின்னக் குடைகளுக்கு அரை டிக்கெட். மகள்களை எழுப்பிச் சொன்னார். நடையில் கணவரிடம் சொன்னார். அறைக்குப் போனதும் குடைக்காரரிடம் சொன்னார். அவர் மிகவும் அக்கறையாக, கறுப்பா, கலரா என்று விசாரித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று திறந்துகொண்டே இருந்தது. ஒன்பதாம் மேடையின் கூரைத் தகரத்துக்குக் கீழே நின்று கைதட்டினால் எதிரொலி வருகிறது என்று கண்டுபிடித்து, போய் இரண்டு முறை தட்டிவிட்டு வந்தார். நாற்பத்தேழாம் எண் வண்டிக்கு ஓட்டுநர் ஒருவரல்ல, முகஜாடை ஒன்றாக இருக்கும் அண்ணன் தம்பி இருவர் என்று தெரிந்தது. பதினோரு வருடம் ஒரே ஆள் என்று நினைத்திருந்தார். மழை வருவதற்கு முன் தார்ச்சாலைக்கு ஒரு வாசனை இருந்தது. திங்கட்கிழமை குடைக்காரர் சொன்ன நகைச்சுவைக்குத் திங்கட்கிழமையே சிரித்தார். சும்மா இருக்க முடியவில்லை. குடைகளைக் கைப்பிடி வாரியாகப் பிரித்து, பிடியில் கீறியிருந்த எழுத்துகளைப் படித்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒரே வாரத்தில் முப்பத்தொரு குடைகளை வீட்டுக்கு அனுப்பினார். இந்த வேகத்தில் போனால் தன் வேலைக்கு என்ன ஆகும், கொஞ்சம் தூங்கும்மா தங்கச்சி என்று குடைக்காரர் கெஞ்சினார்.

முப்பத்தெட்டாம் நாள் மறுபடி சிவப்பு விளக்குப் பெட்டி. இந்த முறை எத்தனை விட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. மூன்று என்றார். டாக்டர் பெட்டியைப் பார்த்தார். மூன்று.

"எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம். விட்டது உங்களுக்குத் தெரியுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நாற்பதாம் நாள், திங்கட்கிழமை, காலை எட்டு மணி. கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தைத்தான் கண்காணிப்பாளர் சோதனைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார். நாற்காலியை மைக்கக்காவுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, மடியில் ஒரு தாளோடு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே ரேடியோ, மூன்று நடத்துநர்கள், மேலே வரவே வேண்டியிராத குடைக்காரர்.

முதல் அறிவிப்பு வெளியே போனதும் கீழே பேச்சு ஒரு கணம் நின்றது. சில தலைகள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தன. மைக்கக்காவுக்கு உள்ளங்கால்வரை சிலிர்த்தது. அடுத்த சீட்டு, அதற்கடுத்த சீட்டு. படிப்பது, குத்துவது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு பிசிறு இல்லை. கண்காணிப்பாளர் தாளில் எதையும் எழுதவில்லை.

எட்டு நாற்பத்திரண்டுக்குச் சிவப்புச் சீட்டு வந்தது. நாற்பத்தேழு, ஆறாம் மேடைக்கு மாற்றம்.

மைக்கக்கா வாயைத் திறந்தார். திறந்தபடியே கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். ஆறாம் மேடையில் இருபத்தொன்றாம் எண் வண்டி நின்றது. அதன் முன்சக்கரம் கழன்று, பக்கத்தில் தரையில் கிடந்தது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

மைக்கை மூடினார். சுவரைத் தட்டி, மேடை எண் சரிதானா என்று கேட்டார்.

நேரக் காப்பாளருக்கு மேடைகள் தெரியாது. அவருடைய அறைக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை. வாயிற்காவலர் ஃபோனில் சொல்வதை எழுதுவார். சீட்டைக் கேள்வி கேட்பது அங்கே வழக்கமில்லை. துளை வழியாக அவருடைய எரிச்சல் மட்டும் வந்தது: எழுதினதைப் படிம்மா.

"படிங்கம்மா," என்றார் கண்காணிப்பாளரும். "சோதனை ஓடிக்கிட்டிருக்கு."

பத்து நொடி. நிலையத்தில் பத்து நொடி மௌனம் என்பது யாரோ செத்துவிட்டார்கள் என்பதற்குச் சமம். கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார். நாற்பத்தேழு வாயிலுக்குள் நுழைந்து திரும்பிக்கொண்டிருந்தது. துறைமுகக் கூட்டம் பைகளைத் தூக்கிக்கொண்டு காதைத் தீட்டி நின்றது.

"ஆறுல சக்கரத்தைக் கழட்டி வச்சிருக்கு சார். அடியில ஆள் படுத்திருக்கு. எழுந்து பாருங்க."

அவர் எழுந்து பார்த்தார். பார்த்தவர் அடுத்த நொடி சுவர்த் துளையில் முகத்தை வைத்துக் கத்தினார். மறுபக்கம் ஃபோன் சுழன்றது, ஒரு நாற்காலி விழுந்தது, புதுச் சீட்டு பாய்ந்து வந்தது. மைக்கக்கா அதைப் பார்த்தார். கீழே ஒன்பதாம் மேடையைப் பார்த்தார். காலி. மைக்கைத் திறந்தார்.

ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

முந்நூறு பேர் ஒரே உடம்பாகத் திரும்பினார்கள். இடிக்கவில்லை, சிதறவில்லை, ஆறாம் மேடையைத் தொடாமல் வளைந்து, ஒன்பதில் போய் நின்றார்கள். இருபத்தொன்றுக்கு அடியில் கிடந்த கால்கள், தன்னைச் சுற்றி என்ன நடந்தது என்றே தெரியாமல், ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டன. கண்ணாடிக்கு வெளியே குடைக்காரர் கைதட்டுவது சத்தமில்லாமல் தெரிந்தது. மைக்கக்கா சீட்டைக் கம்பியில் குத்தினார். இத்தனையையும் முழித்திருந்து பார்த்தோம் என்ற சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கண்காணிப்பாளர் எழுதாத தாளை மடித்துப் பையில் வைத்தார். "நாளைக்கு நாலரைக்கு வந்துடுங்க," என்றார்.

நாற்பது நாளாக மைக்கக்கா காத்திருந்த வாக்கியம் அது. சரிங்க சார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலரைக்கு மைக் என்றால் மூன்றரைக்கு எழ வேண்டும். ஏழு மணி நேரமாவது தூங்க இரவு எட்டரைக்குக் கண் மூட வேண்டும். அப்போது கணவர் பட்டறையில் இருப்பார். காலை நடையும் போய்விடும். இல்லாவிட்டால் மறுபடி பத்தரைவரை விழித்திருந்து, தழும்பு பார்க்காத பெண்ணாகவே இருக்க வேண்டும். பதினோரு வருடம் போடாத கணக்கை நின்ற இடத்தில் போட்டு முடித்தார்.

"சார், எனக்கு ரெண்டாம் ஷிஃப்ட் குடுங்க. பன்னெண்டரையிலிருந்து எட்டரை."

கண்காணிப்பாளர் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தார். "முதல் ஷிஃப்ட்டு பக்கத்துல யாரையும் நெருங்க விடாம இருந்தவங்க நீங்க."

"ஆமா சார்."

"ஒரு தடவை விட்டா திரும்பக் கேக்க முடியாது. அந்த ரேடியோப் பய விடமாட்டான்."

"தெரியும் சார்." இனி ஊர் கண் விழிப்பது வேறொரு குரலுக்கு. அந்தக் குரல் நாப்ப்பத்தேழு என்று இழுக்கும்.

வெளியே வந்து ரேடியோவிடம் அவரே சொன்னார். ஒன்பது வருடமாக வாய் மூடாத மனிதருக்கு அன்று ஒரே ஒரு கேள்விதான் வந்தது. விளையாடுகிறீர்களா அக்கா என்று மட்டும் கேட்டார். நாற்பத்தேழை இழுக்காதே, மற்றதெல்லாம் உன் இஷ்டம் என்றார் மைக்கக்கா.

வீட்டில் இளையவள்தான் சண்டைக்கு வந்தாள். மூத்தவளுக்குத் தன் படிப்பு, அப்பாவுக்குத் தன் பட்டறை. சாயங்காலம் அம்மாவும் இல்லையென்றால் தனக்குக் கணக்குப் பாடத்துக்கு யார் துணை என்று ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா சொல்லிக் கொடுப்பது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவதும் நடுவில் கண் சொருகுவதும்தான். ஆனாலும் அது அவளுடைய பாத்தியதை. காலையில் ஏழேகாலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் அம்மா. காலையில் யாராவது கணக்குப் போடுவார்களா என்று அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு படுக்கப் போனாள்.

மறுநாள் ஏழேகாலுக்கு நோட்டைக் கொண்டுவந்து போட்டாள். ஒரு தொட்டி, இரண்டு குழாய். ஒன்று ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று மூன்று மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால் எப்போது நிரம்பும்? அவள் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டே கேள்வியை இரண்டாம் முறை படிக்கத் தொடங்கினாள். ஈரத் தலையைத் துவட்டியபடி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மைக்கக்கா, "ரெண்டு மணி நேரம்," என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். விடையைப் பின்பக்கத்தில் புரட்டிச் சரிபார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, உனக்குக் கணக்கு வருமா?"

"எனக்கும் இப்பத்தாண்டி தெரியுது," என்று சொல்லி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார் மைக்கக்கா. "அடுத்ததைக் காட்டு."